வள்ளியூர்த் தம்பியின் பிசி: 45 ஆயிரத்தை எங்கே போடுவது?

தம்பி, முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். வீடு வள்ளியூரில். 2019-ல் வாங்கிய பிசி. ரைசன் 5 2600 ப்ராசசர், பி450எம் மதர்போர்டு, 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸுக்கு 240 ஜிபி எஸ்எஸ்டி, கேம் எல்லாம் 1 டிபி ஹார்ட் டிஸ்கில். எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை, கேபினட்டோடு வந்தது, 450 வாட் என்று போட்டிருக்கிறது. மானிட்டர் 1080பி, 75 ஹெர்ட்ஸ். வேலோரண்ட் ஆடும்போது நடுவில் திக்கித் திக்கி நிற்கிறது, சைபர்பங்க் 30 பிரேமைத் தாண்டவில்லை. பகலில் அதே பிசியில் அக்கா டேலியில் கணக்கு போடுகிறார், குரோமில் இருபது டேப் திறந்தால் மெஷின் மூச்சு வாங்குகிறது. கையில் 45 ஆயிரம். ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு ஒன்றை வாங்கி மாட்டினால் போதுமா, இல்லை எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் புது பிளாட்பார்முக்கு, அதாவது புது போர்டு, ப்ராசசர், ரேமுக்குப் போகலாமா என்று கேட்கிறீர்கள்.

இரண்டுமே வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

பணத்தை எடுத்து வைப்பதற்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் செலவழியுங்கள். வேலோரண்டைக் கால் மணி நேரம் ஆடுங்கள். திக்குகிற நேரத்தில் வெளியே வந்து டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள், போன ஒரு நிமிடத்தின் கோடு அப்படியே இருக்கும். மெமரி 90 சதவீதத்துக்கு மேல், டிஸ்க் 100-ல் முட்டிக்கொண்டு நின்றால் ரேம் பற்றவில்லை, விண்டோஸ் ஹார்ட் டிஸ்கையும் எஸ்எஸ்டியையும் போட்டுப் பிசைகிறது என்று அர்த்தம். ஜிபியு 97, 98 என்று நின்றால் கார்டு தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டிருக்கிறது, அதற்கு மேல் அதனிடம் இல்லை. ஜிபியு 60, 70-ல் சோம்பிக் கிடக்க, சிபியு படத்தில் வலது கிளிக் செய்து ஒவ்வொரு கோராகப் பிரித்துப் பார்த்தால் ஒன்றிரண்டு மட்டும் உச்சியில் நிற்கிறது என்றால் ப்ராசசர்தான் பின்னால் இழுக்கிறது. மொத்த சிபியு 45 சதவீதம் என்று காட்டுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பன்னிரண்டு த்ரெட்டில் ஒன்று மட்டும் திணறினாலும் கேம் திணறும்.

நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்து என் ஊகம்: வேலோரண்ட் திக்குவது ரேமால், சைபர்பங்க் ஓடாதது கார்டால், குரோமும் டேலியும் மூச்சு வாங்குவது மறுபடியும் ரேமால். அதாவது உங்கள் வீட்டில் இருக்கிற மூன்று குறையில் இரண்டு, 5060 மாட்டினாலும் அப்படியே இருக்கும். அக்காவுக்கு ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது.

சரி, இனி வரிசை. எஸ்எம்பிஎஸ்ஸில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் யாரும் அதில் ஆரம்பிப்பதில்லை.

என் மேசையில் இப்போதும் ஒரு பழைய எஸ்எம்பிஎஸ் கிடக்கிறது, கேபினட்டோடு இலவசமாக வந்தது. பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 450. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும், அதில் 12 வோல்ட் என்கிற வரிசையைப் பாருங்கள். என்னுடையதில் 16 ஆம்பியர். பன்னிரண்டால் பெருக்கினால் 192 வாட். ப்ராசசரும் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட் கணக்கில்தான், மீதி வாட் எல்லாம் ஸ்டிக்கருக்கு அழகு. கையில் தூக்கினால் பிஸ்கட் டப்பா கனம்கூட இல்லை. 2016-ல் இதே மாதிரி ஒன்று, மத்தியானம் தெருவில் யாரோ போர் மோட்டார் போட்ட நேரத்தில், ஒரு 'டப்' சத்தத்தோடு போனது. தனியாகப் போகவில்லை. மதர்போர்டையும், கல்யாணப் போட்டோ இருந்த ஹார்ட் டிஸ்கையும் கூட்டிக்கொண்டு போனது. போட்டோ திரும்பவே இல்லை. வீட்டில் இன்றைக்கும் பேச்சு வரும்.

உங்கள் பிசி இத்தனை வருடம் அதே மாதிரி டப்பாவில் ஓடியது எப்படி? ஜிடிஎக்ஸ் 1650 என்பது 75 வாட் கார்டு. அந்த 75-ஐயும் மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும், பல மாடல்களில் தனி வயரே கிடையாது. ரைசன் 2600-ம் 65 வாட் சிபியுதான். மொத்தமே 180 வாட்டுக்குள் முடிந்திருக்கும். இப்போது 5060 மாட்டினால் கார்டுக்கு மட்டும் 145 வாட். அதுவும் 8 பின் வயர் கேட்கும், அந்த வயர் உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்காது. கடையில் 'மோலெக்ஸ்லேர்ந்து மாத்துற கனெக்டர் இருக்கு, நூறு ரூபா' என்பார்கள். வேண்டாம். அந்த மெல்லிய வயர் சூடேறி உருகி நான் பார்த்திருக்கிறேன்.

எஸ்எம்பிஎஸ் வாங்க வேண்டியது இப்படி: 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (மின்சாரத்தை வீணாக்காததற்கான தரச் சான்று), பெயர் தெரிந்த கம்பெனி, ஐந்து வருட வாரண்டி. ஐயாயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே வரும். அடுத்த இரண்டு பிசி வரைக்கும் இதுவே கூட வரும்.

எஸ்எம்பிஎஸ் பேச்சோடு இன்னொன்று. கேபினட்டைத் தொட்டால் சுர்ர் என்று இழுக்கிறதா? நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பிளக்கில் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதில் எர்த் வயர் இருக்காது. எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் பில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கேபினட் தகடு மின்அழுத்தத்தில் பாதிக்கு மிதக்கும், அதுதான் அந்தச் சுர்ர். அந்தச் சிறு கசிவு பொதுவாக ஆளைக் கொல்லாது, ஆனால் மானிட்டர் கேபிள் மாற்றும்போது ஒரு போர்ட்டைக் கொல்லும். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த் போட்டுவிட்டு அப்புறம் புதுக் கார்டை மாட்டுங்கள்.

யுபிஎஸ்ஸிலும் ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது. 600 விஏ என்றால் உண்மையில் 360 வாட். புதுக் கார்டோடு மானிட்டரையும் சேர்த்தால் கேம் ஆடும்போது 300-ஐத் தொட்டுவிடும். தாங்கும், ஆனால் இரண்டு மூன்று நிமிடம், சேவ் செய்து மூடுவதற்கு. வீட்டு இன்வெர்ட்டரை நம்பியிருந்தால் அதில் யுபிஎஸ் மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதில் போட்டு வையுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் வருகிற இடைவெளியை எஸ்எம்பிஎஸ் சுமார் 16 மில்லிசெகண்ட் வரைக்கும்தான் தன் கெப்பாசிட்டரில் தாக்குப்பிடிக்கும். சாதா மோடில் அதைத் தாண்டிவிடும், பிசி ரீஸ்டார்ட் ஆகும். அக்கா பாதி போட்ட வவுச்சர் போச்சு.

அடுத்தது ரேம். ஒரே ஸ்டிக் என்பது கொள்ளளவுப் பிரச்சினை மட்டும் இல்லை. ரைசனுக்கு மெமரிக்கு இரண்டு பாதை உண்டு. ஒரு ஸ்டிக் போட்டால் ஒரு பாதை சும்மா கிடக்கும். இன்னொரு 8 ஜிபி போட்டால் 16 ஆவதோடு பாதையும் இரண்டாகும், வேலோரண்ட் மாதிரி ப்ராசசரை நம்பி ஓடும் கேமில் திக்கல் குறைவது கண்ணுக்கே தெரியும். இரண்டும் ஒரே மாதிரி ஸ்டிக்காக, ஒரு ஜோடியாக 3200-ல் வாங்குவதுதான் முறை. ஆனால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றம் உங்களுக்கே தெரியும். ஏஐ சர்வர்களுக்கு மெமரி சிப்பை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகிறார்கள், நமக்கு மிச்சம்தான். அதனால் பழையதை வைத்துக்கொண்டு இன்னொரு 8 ஜிபி மட்டும் சேருங்கள். இரண்டும் குறைந்த வேகத்துக்கு இறங்கி ஓடும், பரவாயில்லை. போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்டுங்கள். ஒன்றிலும் இரண்டிலும், அல்லது மூன்றிலும் நான்கிலும் மாட்டினால் பாதை ஒன்றாகவே இருக்கும், காசு கொடுத்தும் பயனில்லை. மாட்டிய அன்று ராத்திரி ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் மென்பொருளை ஓடவிட்டுத் தூங்குங்கள். காலையில் ஒரு பிழைகூடக் காட்டக்கூடாது. ஒன்று காட்டினாலும் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.

புது பிளாட்பார்ம் வேண்டாம் என்றதற்கும் இதுதான் காரணம். ஏஎம்5 என்கிற புது சாக்கெட்டுக்குப் போனால் டிடிஆர்5 ரேம்தான் போடமுடியும். போர்டு, ப்ராசசர், ரேம் மூன்றும் ஒரே நாளில் வாங்க வேண்டும். 45 ஆயிரம் அதிலேயே கரைந்துபோகும், கார்டு அதே 1650-ஆக நிற்கும். உங்கள் போர்டின் ஏஎம்4 செத்த சாக்கெட் இல்லை. உங்கள் போர்டிலேயே இன்னும் ஏற இடம் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

எஸ்எஸ்டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. போர்டின் எம்.2 ஸ்லாட்டில் செருகும் 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, அவ்வளவுதான். பி450-ல் மூன்றாம் தலைமுறை வேகம்தான் கிடைக்கும், செகண்டுக்கு 3500 எம்பி. ஆகவே 7000 என்று அட்டையில் போட்டிருப்பதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க் 150-ஐத் தொட்டாலே பெரிது, அந்த வித்தியாசம் போதும். சைபர்பங்க் 2023-லிருந்து ஹார்ட் டிஸ்கை ஆதரிப்பதையே விட்டுவிட்டது. சில பி450 போர்டுகளில் எம்.2 மாட்டினால் சாட்டா போர்ட் ஒன்றிரண்டு தூங்கிவிடும். ஹார்ட் டிஸ்க் காணோம் என்று பயப்படாமல் கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

இந்த மூன்றிலேயே பட்ஜெட்டில் பாதிக்குக் கிட்டப் போயிருக்கும். இப்போது மீதியில் கார்டு.

இங்கே மானிட்டரைத்தான் முதலில் கேட்க வேண்டும். உங்களுடையது 1080பி, 75 ஹெர்ட்ஸ். கார்டு 140 பிரேம் தந்தாலும் உங்கள் கண்ணுக்கு வருவது 75. அப்படியானால் 1080பி-யில் நிலையாக 75 பிரேம் தருகிற கார்டு போதும், அது ஆர்எக்ஸ் 6600 வகையறா: 8 ஜிபி, 132 வாட், உங்கள் பழைய ப்ராசசரோடும் ஒத்துப்போகும். 7600 அதே விலைக்கு அருகில் கிடைத்தால் அதை எடுங்கள். சைபர்பங்க்கில் செட்டிங்ஸைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் 75-க்குப் பக்கத்தில் நிம்மதியாக ஓடும்.

5060 மோசமான கார்டு இல்லை. உங்கள் போர்டில் அதற்கு ஒரு சங்கடம் இருக்கிறது. லேன் என்பது கார்டும் போர்டும் டேட்டா பரிமாறும் பாதை. 6600, 7600 போலவே இதுவும் எட்டு லேனில் ஓடும் கார்டு. புது போர்டில் எட்டு லேன் தாராளம். உங்கள் பி450 பிசிஐஇ மூன்றாம் தலைமுறை, அதில் எட்டு லேன் என்றால் பாதை நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும். கேமின் டெக்ஸ்சர் 8 ஜிபிக்குள் அடங்கும்வரை தெரியாது. அடங்காமல் வழிந்து சிஸ்டம் ரேமுக்கு ஓடும்போது அந்தச் சந்து வழியாகப் போய் வர வேண்டும், அங்கே திக்கும். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யில் 16 ஜிபி மாடல் பதினாறு லேனும் உள்ளது, உங்கள் போர்டுக்கு அதுதான் இயல்பான ஜோடி. பட்ஜெட் தாண்டும், அடுத்த வருடத்துக்கு என்றால் யோசிக்கலாம். 6500 எக்ஸ்டி-யைத் தொடவே வேண்டாம், அதற்கு நான்கே லேன். இன்டெல் ஆர்க் பி580-ஐ 12 ஜிபி இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். ரீசைஸபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசசர் ஒரே வீச்சில் எட்டும் வசதி) இல்லாத பழைய ப்ராசசரோடு அது மிகவும் சோர்ந்துபோகும், 2600-ல் வேண்டாம். பிளெண்டர், வீடியோ எடிட்டிங் என்று போகிற எண்ணம் இருந்தால் மட்டும் என்விடியா பக்கம் யோசியுங்கள். கேள்வியில் அப்படி எதுவும் இல்லை.

பழைய கார்டு வாங்குவதாக இருந்தால் ஆள் முன்னாலேயே அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். பாக்ஸும் பில்லும் கேளுங்கள். புதிது வாங்கும்போதும் பில் இல்லாமல் 18 சதவீதம் குறைத்துத் தருகிறேன் என்றால் சிரித்துக்கொண்டே நகருங்கள். மூன்று வருட வாரண்டியை 18 சதவீதத்துக்கு விற்கிற வியாபாரம் அது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆயிரம் ரூபாய் குறைவு என்று நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுகிறவர்களைப் பார்க்கிறேன். மொத்தமாக வாங்கினால் லாபம்தான். ஒரே ஒரு ரேமுக்குப் போனால் டிக்கெட்டும் இரண்டு வேளைச் சாப்பாடும் அந்த ஆயிரத்தைத் தின்றுவிடும், ஸ்டிக் சரியில்லை என்றால் மறுபடி யார் போவது? நெல்லையிலேயே பாளையிலோ ஜங்ஷனிலோ தெரிந்த கடையில் நூறு இருநூறு கூடக் கொடுத்து வாங்குவதில் எனக்குக் கூச்சமே கிடையாது.

ப்ராசசர் அடுத்த பொங்கலுக்கு. அதே போர்டில் ரைசன் 5 5600 உட்காரும். 2600-ல் 16 எம்பி எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி), அதுவும் இரண்டு துண்டாக. 5600-ல் 32 எம்பி ஒரே துண்டு. கேமில் கிடைக்கிற முன்னேற்றத்தில் பெரும்பங்கு இங்கிருந்தும் அதன் புதுக் கோர்களிலிருந்தும் வருகிறது. பெயரைக் கவனமாகப் படியுங்கள். 5500-ம் 5600ஜி-யும் ஒன்று போலத் தோன்றும், இரண்டிலும் கேஷ் 16 எம்பிதான். கடைக்காரர் 'எல்லாம் ஒண்ணுதான் தம்பி' என்பார். ஒன்றில்லை.

மாற்றும் முன் பயாஸை, அதாவது போர்டுக்குள் இருக்கும் மென்பொருளை, புதுப் பதிப்புக்கு ஏற்ற வேண்டும், பழைய ப்ராசசர் இருக்கும்போதே. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்பு என்று அறிவிக்கிற நாளைத் தவிர்த்து, யுபிஎஸ்ஸில் போட்டுக்கொண்டு செய்யுங்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டு செங்கல்தான். அதற்கு முந்தின நாளே அக்காவின் டேலி டேட்டாவைப் பென் டிரைவில் ஒரு பிரதி, கூகுள் டிரைவில் ஒரு பிரதி. விண்டோஸில் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஓடிக்கொண்டிருந்தால் தற்காலிகமாக நிறுத்தி, ரெகவரி கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். டிபிஎம் சாவி ப்ராசசருக்குள் இருக்கிறது, ப்ராசசர் மாறினால் டிஸ்க் பூட்டிக்கொண்டு அந்தக் கீயைக் கேட்கும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டது. 2600 விண்டோஸ் 11 பட்டியலில் இருக்கிறது, இன்னும் மாறவில்லை என்றால் புது எஸ்எஸ்டியில் 11-ஐயே புதிதாகப் போட்டுவிடுங்கள்.

கூலரைக் கழற்றுவதில்தான் நிறையப் பேர் அழுவார்கள். ஏஎம்4 ப்ராசசரின் கால்கள் ப்ராசசரில்தான் இருக்கும், சாக்கெட்டில் இல்லை. ஐந்தாறு வருடத் தெர்மல் பேஸ்ட் காய்ந்து கருப்பட்டிப் பாகு மாதிரி இறுகியிருக்கும். நேராக மேலே இழுத்தால் கூலரோடு ப்ராசசரும் பிய்ந்துகொண்டு வரும், சாக்கெட் பூட்டு மூடியிருந்தாலும் வரும். நான்கு கால் வளைந்தால் மைக்ரோ டிப் பென்சில் நுனியை நுழைத்து ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டு உட்கார வேண்டும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். கழற்றும் முன் பத்து நிமிடம் கேம் ஓடவிடுங்கள், பேஸ்ட் இளகும். அப்புறம் ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகுங்கள். வழுக்கிக்கொண்டு விட்டுக்கொடுப்பது கைக்கே தெரியும். அப்போது தூக்குங்கள்.

கடைசியாக உங்கள் ஊர்க் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வருகிற காற்று ஆனி, ஆடியில் பணகுடி, வள்ளியூர் பக்கம் என்ன செய்யும் என்பது காற்றாலை போட்டவர்களுக்கும் தெரியும், பிசி திறந்தவர்களுக்கும் தெரியும். போன ஆடியில் பணகுடியில் ஒரு பையனின் கேபினட்டைத் திறந்தேன். கார்டு தொண்ணூறு டிகிரிக்குப் போய் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, புதுக் கார்டு வாங்கலாமா என்று கூப்பிட்டிருந்தான். ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவே செம்மண் தூசி கம்பளி விரித்த மாதிரி படிந்திருந்தது. விரலால் உரித்தால் ஒரே ஏடாக வந்தது. பெயின்ட் பிரஷ்ஷும் புளோவரும் போதும், ஆனால் ஊதும்போது ஃபேனை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சுற்றவிட்டால் பேரிங் போகும், அதுவே மின்சாரம் தயாரித்து போர்டுக்குத் திருப்பி அனுப்பும். சுத்தம் செய்து மூடியதும் 74-ல் நின்றது. செலவு ஒரு டீ.

உங்கள் கேபினட்டின் முன்பக்கம் மூடிய கண்ணாடியா, வலையா என்று சொல்லவில்லை. கண்ணாடி என்றால் அக்னி நட்சத்திரத்தில் புதுக் கார்டு வெந்துபோகும், முன்பக்கப் பேனலைக் கழற்றி வைத்துக்கூட ஓட்டலாம். வலை என்றால் உள்ளே ஒரு தூசி பில்டர் இருக்கும். ஆடி முடிகிறவரைக்கும் மாதம் இரண்டு தடவை குழாயடியில் காட்டிக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். மேசையை மேற்கு ஜன்னலுக்குக் கீழே போட்டிருந்தால் இன்றைக்கே நகர்த்துங்கள்.